காரணம்: இலைகள்

மார்ச் 3, திங்கள்

அன்புள்ள ரோலண்ட்,

இன்று காலை நான் செய்த முதல் காரியம், டீ கூடப் போடாமல், விக்கரிங் ஊர் விளக்குக் கம்பங்களில் மஞ்சள் நோட்டீஸ் கட்டியது. ஏழு மணிக்கே போய்விட்டேன். தண்டவாளத்துக்கு வடக்கே உள்ள பீட்ரூட் வயலில் நூற்று நாற்பது வீடுகள் வரப்போகின்றன, ஆட்சேபம் இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் மாவட்ட மன்றத்துக்கு எழுதுங்கள் என்று சொல்லும் நோட்டீஸ். இதைக் கட்ட மன்றத்தில் எங்கள் கட்டட அனுமதிப் பிரிவிலேயே ஆள் உண்டு. ஆனால் என் பொறுப்பில் வரும் விண்ணப்பம் என்றால் நானே நடந்து கட்டினால்தான் அந்த நிலம் எனக்கு மனதில் நிற்கும்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படகுத்துறையில் ஈரக் கயிறு இழுக்கிற வேலை ஆகாது என்று டாக்டர் சொன்னதை நீ கேட்கப்போவதில்லை, தெரியும். எனக்கு இருமல் போய்விட்டது. தொலைபேசியில் உன்னிடமிருந்து "ம்", "சரி" இரண்டைத் தவிர எதுவும் வராது என்பதால் வழக்கம்போல் எழுதுகிறேன்.

கடைசி நோட்டீஸை சாலோ சந்து கிராசிங்கின் கேட் கம்பத்தில் கட்டினேன். பதினோரு வருடம் அதன் மேல் ரயில் ஓட்டிய என் அண்ணனுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. இப்போதும் அதேதான். இரண்டு பக்கமும் இடுப்பளவு கேட், நடுவில் பலகைகள், "நில், பார், கேள்" என்று ஒரு போர்டு. விளக்கும் இல்லை, ஆளும் இல்லை. கட்டிக்கொண்டிருக்கும்போது ஊர் மன்றத் தலைவர் பெக் நாயோடு வந்தார்.

"என்னம்மா அது, கல்யாண அறிவிப்பா?"

"படிச்சுப் பாருங்க."

"கண்ணாடி வீட்ல. நீயே சொல்லு. எத்தனை வீடு?"

"நூத்தி நாப்பது."

"ஸ்கூலு இந்தப் பக்கம். கடை, டாக்டர் எல்லாம் இந்தப் பக்கம். அத்தனை பசங்களும் எப்படி வரும்?"

"ரோட்டுப் பாலம் இருக்கே."

"அது ஒன்றரை மைல் சுத்து. பத்து வயசுல நீ சுத்திருப்பியா, இல்ல இந்த கேட்டத் தள்ளிக்கிட்டு ஓடிருப்பியா? சரி விடு. இன்னொண்ணு சொல்றேன், எழுதி வெச்சுக்கோ. குடிவந்த முதல் மாசமே உன் ஆபீசுக்கு ஒரு மனு வரும். ரயில் விசில் தூக்கத்தைக் கெடுக்குது, நிறுத்துங்கன்னு."

நான் சிரித்தேன். நாயும் அவரும் போனார்கள். இப்படிப்பட்ட பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களை மரியாதையாகக் கேட்டுவிட்டு வேலையைப் பார்க்க எனக்குத் தெரியும்.

ஒரு நல்ல செய்தி. பிரிவுத் தலைவர் டெஸ்மண்ட் இலையுதிர்காலத்தில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு என்னை விண்ணப்பிக்கச் சொன்னார். விண்ணப்பிக்கிறேன். கிடைக்கும் என்றும் நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹெதர்


மார்ச் 15

அன்புள்ள ஹெதர்,

முழங்கால் என்னோடுதான் இருக்கிறது. இருமல் போனதில் மகிழ்ச்சி.

இங்கே தீவில் ஐந்து நாளாகக் காற்று. இரண்டு நாள் படகு வரவில்லை. கடையில் ரொட்டி தீர்ந்தது, பக்கத்து வீட்டு மிஸஸ் இஸ்பிஸ்டர் ஓட்ஸ் ரொட்டி கொடுத்தார். கொடுக்கும்போது, "தெற்கத்திக்காரரே, ஒரு சாக்கு மாவு வாங்கி வெக்கணும்னு ஒன்பது வருஷமாவா தோணல?" என்று கேட்டார். நான் இங்கே வந்த நாளிலிருந்து எனக்குப் பெயர் தெற்கத்திக்காரர்தான். கோழிகள் நலம். ஒன்று மட்டும் என்னைப் பிடிக்காமல் வேலிக்கு அந்தப் பக்கம் முட்டையிடுகிறது.

தலைவர் பதவிக்கு வாழ்த்து. நீ பள்ளிக்கூடத்திலேயே மற்றவர்களுக்கு வரிசை பிரித்துக் கொடுத்தவள்.

அந்த கிராசிங்கில் நின்றாயே, எந்தப் பக்கம் நின்றாய்? தெற்கு கேட்டில் நின்றால் எல்லாம் தெரியும். வடக்கு கேட்டில் நின்று கிழக்கே பார்த்தால் வளைவும் நெட்டிலிங்க மரங்களும்தான். ரயில் கண்ணில் பட்டதிலிருந்து வந்து சேர ஆறு விநாடி. கடக்க, நிதானமாக நடப்பவருக்கு எட்டு. மீதி இரண்டு விநாடியை விசில் பார்த்துக்கொள்ளும், காற்று எதிர்ப்பக்கம் அடிக்காவிட்டால்.

தோட்டத்தில் ருபார்ப் செடி தலை காட்டுகிறது.

ரோலண்ட்


மார்ச் 30

அன்புள்ள ரோலண்ட்,

உன் கடிதம் வந்த அன்றே போய் வடக்கு கேட்டில் நின்றேன். கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ஆறேகால் விநாடி. வயலிலிருந்து வரப்போகிறவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருவார்கள்.

நான் நலம். தோளில் மட்டும் ஒரு பிடிப்பு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே வந்தது. மாவு மூட்டை வாங்கினாயா?

வீடு கட்டும் நிறுவனம் கொடுத்த போக்குவரத்து அறிக்கையை முழுதும் படித்தேன். அறுபத்திரண்டு பக்கம். கிராசிங்குக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். "கடந்த பத்து ஆண்டுகளில் இவ்விடத்தில் விபத்தோ, நூலிழையில் தப்பிய சம்பவமோ எதுவும் பதிவாகவில்லை." அவ்வளவுதான். படித்தவுடன் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆறு விநாடி என்பது பயமுறுத்துகிற எண்தான். பத்து வருடத்துக்கு பூஜ்யம் என்பது அதைவிடப் பெரிய எண்ணாகத் தெரிந்தது. அனுமதி வழங்கலாம் என்ற என் பரிந்துரையை எழுதத் தொடங்கிவிட்டேன். வீடுகள் தேவை, ரோலண்ட். மூன்று வருடமாக வாடகை அறையில் குழந்தையோடு காத்திருக்கிறவர்களின் பட்டியலும் என் மேசையில்தான் இருக்கிறது.

இருந்தாலும் உன்னைக் கேட்டுவிடுகிறேன். அந்த வழியில் ஓட்டியவன் நீ. அங்கே உண்மையிலேயே எதுவும் நடந்ததில்லைதானே? உன் வாயால் கேட்டால் அந்தப் பத்தியை இன்னும் உறுதியாக எழுதுவேன்.

அன்புடன்,
ஹெதர்


ஏப்ரல் 19

அன்புள்ள ஹெதர்,

தோளுக்கு வெந்நீர்ப் பை வை. நாற்காலியைச் சற்று உயர்த்து. மாவு வாங்கிவிட்டேன், மிஸஸ் இஸ்பிஸ்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்.

ஆட்டுக்குட்டிகள் பிறக்கிற காலம். நேற்றுப் படகில் பதினாறு குட்டிகள். ஒன்று கயிற்றுச் சுருளுக்குள் புகுந்து படுத்துக்கொண்டது. கரை வந்ததும் எடுக்கப்போனால் என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டது, மேலதிகாரிபோல. வேலிக்கு அந்தப் பக்கம் முட்டையிட்ட கோழி இப்போது திரும்பி வந்துவிட்டது. படகுத்துறைக்குப் புது வர்ணம் பூசுகிறார்கள், நீலம். யாருக்கும் பிடிக்கவில்லை. படகு கேப்டன் பார்த்துவிட்டு, "கடல்லயே நீலம் இருக்கே, பத்தலையாடா?" என்றார்.

இந்த வருடம் வெயில் முன்கூட்டியே வரும் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

வேறு விசேஷம் இல்லை.

ரோலண்ட்


மே 5

அன்புள்ள ரோலண்ட்,

நலமாக இருக்கிறாய் என்று உன் கடிதம் சொல்கிறது. ஆட்டுக்குட்டி, கோழி, வர்ணம், கேப்டன் எல்லாம் வந்தது. நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் வரவில்லை. மறந்திருப்பாய் என்று எழுதத் தொடங்கினேன். நீ மறக்கிறவன் இல்லை. அதனால் விட்டுவிடுகிறேன்.

தோள் பரவாயில்லை. மனம்தான் சரியில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு விண்ணப்பம் வந்தால் யார் யாரிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுவோம். வரைபடத்தில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு இருக்கும். கோடு எதைத் தொடுகிறதோ அதற்குரியவரைக் கம்ப்யூட்டரே எடுத்துக் கொடுக்கும், அதிகாரி சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பத்து நாளைக்கு முன் அந்தப் பட்டியலை மறுபடி பார்த்தேன். தண்ணீர், சாக்கடை, மின்சாரம், பழைய விமானத் தளம், வௌவால் நிபுணர், எல்லாரும் இருக்கிறார்கள். ரயில்வே இல்லை.

சிவப்புக் கோடு வயலின் தெற்கு வரப்போடு முடிகிறது. கிராசிங் அங்கிருந்து இருநூற்று அறுபது மீட்டர். கோடு தொடவில்லை, அதனால் கம்ப்யூட்டர் எடுக்கவில்லை. வௌவாலைக் கேட்டிருக்கிறோம், ரயிலைக் கேட்கவில்லை. ஒரு கிராசிங்கில் நடமாட்டம் கூடும் என்றால் ரயில்வேயைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். கோடு எங்கே முடிந்தாலும் சரி. அதைச் சரிபார்க்கத்தான் அதிகாரியின் கையெழுத்து. அந்தக் கையெழுத்து என்னுடையது.

டெஸ்மண்டிடம் போனேன்.

"கோட்டுக்கு வெளியில இருக்கறது நம்ம தலைவலி இல்ல, ஹெதர்."

"பசங்க கோட்டுக்கு உள்ளேயே இருக்க மாட்டாங்களே, டெஸ்மண்ட்."

"இப்ப கேட்டா அவங்க பதில் எழுத மூணு வாரம், அப்புறம் ஒரு மாசம் இழுக்கும். கம்பெனிக்காரன் மேல்முறையீட்டுக்குப் போவான்."

"போகட்டும்."

"இருபது வருஷத்துல நீ ஒரு தப்புப் பண்ணி நான் பாத்ததில்ல. இதை யாரும் கவனிக்கக்கூட மாட்டாங்க."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. மேசைக்கு வந்து ரயில்வேக்குக் கடிதம் தட்டி, அவரிடம் காட்டாமலே அனுப்பிவிட்டேன். விண்ணப்பத்துக்கு ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் மன்றக் குழுவின் கூட்டம் ஜூலை ஒன்பதுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. டெஸ்மண்ட் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் கேக் கொண்டுவந்தார்.

முழங்காலைக் கவனி.

ஹெதர்


மே 20
(அஞ்சலட்டை: பாறைமேல் கடல்நாய்கள்)

ஹெதர், முழங்கால் வீங்கியிருக்கிறது, நடக்க முடிகிறது. உன் கடிதம் வந்தது. நீ ரயில்வேக்கு எழுதியது சரி. நீ கேட்டது எனக்கு மறக்கவில்லை. கொஞ்சம் பொறு. ரோ.


ஜூன் 11

அன்புள்ள ரோலண்ட்,

வீக்கம் வடிந்ததா? யாராவது டாக்டரிடம் கூட்டிப்போனார்களா? மிஸஸ் இஸ்பிஸ்டரிடம் சொல்லி உன்னைக் காதைப் பிடித்து அழைத்துப்போகச் சொல்ல வேண்டும். நான் நலம். இங்கே வெயில், அலுவலக ஜன்னல் ஒன்று திறக்காது, மற்றது மூடாது.

ரயில்வேயிலிருந்து பதில் வந்துவிட்டது. மரியாதையான, சுருக்கமான கடிதம். ஒரு பெண் எழுதியிருக்கிறார். தொலைபேசியிலும் பேசினேன். தெளிவானவர், என்னைவிட இளையவர்.

"மேடம், எனக்கும் அந்த இடம் புடிக்கல. ஆனா என் கையில இருக்கறது பதிவுதான். பத்து வருஷமா அங்க ஒண்ணுமே பதிவாகல. தினமும் பத்துப் பேர்தான் நடக்கறாங்க. இந்த பூஜ்யத்த வெச்சுக்கிட்டு நடைமேம்பாலம் கட்டச் சொல்லி நான் கேட்டா, அவங்க வக்கீல் என்னைச் சிரிச்சே வெளிய அனுப்பிடுவார்."

"ஒண்ணு இருந்தா?"

"ஒண்ணே ஒண்ணு இருந்தாக்கூட உக்காந்து பேசலாம்."

ஆட்சேபம் இல்லை, இரண்டு பக்கமும் புது எச்சரிக்கைப் போர்டு வைத்தால் போதும் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். வேறு வழி அவருக்கு இல்லை. அதை என் அறிக்கையில் சேர்த்தேன். அனுமதி வழங்கலாம் என்ற பரிந்துரை அப்படியே நிற்கிறது. புது வீடுகளிலிருந்து பள்ளிக்கு நடக்கப்போகிறவர்கள் அறுபது பேர் என்று நானே கணக்கிட்டு, நானே அடுத்த பத்தியில் போர்டு போதும் என்று எழுதியிருக்கிறேன். இலக்கணப் பிழை இல்லாத அறிக்கை.

தலைவர் பதவிக்கான நேர்காணல் ஜூலை பதினாறு.

உன்னை மறுபடி கேட்கமாட்டேன். ஆனால் ஒன்றை நான் சொல்ல வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் நீ ரயில் வேலையை விட்டபோது, சாமான்களை என் காரில் ஏற்றி உன்னை ரயில் நிலையத்தில் விட்டேன். வழி முழுக்கக் கடல் காற்று நல்லது, தீவு அழகு என்று நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். நாற்பத்தாறு வயதில் பிடித்த வேலையை ஏன் விடுகிறாய் என்று கேட்கவே இல்லை. கேட்காததை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் விடுவது எனக்கு அலுவலகத்தில் மட்டும் வந்த பழக்கம் இல்லை போலிருக்கிறது.

அன்புடன்,
ஹெதர்


ஜூன் 29

அன்புள்ள ஹெதர்,

டாக்டரிடம் போனேன். நீர் எடுத்தார். இனி கயிறு வேண்டாம், டிக்கெட் கிழித்தால் போதும் என்கிறார். யோசிக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். நான் விலகுவதற்கு முந்தைய அக்டோபர், செவ்வாய்க்கிழமை, மாலை நாலேகால். வளைவில் விசில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வடக்கிலிருந்து ஒரு பெண், பதின்மூன்று பதினான்கு வயது இருக்கும், முதுகில் செல்லோ வாத்தியப் பெட்டி. அவள் உயரம் அந்தப் பெட்டி. அதைச் சுமந்துகொண்டு தலையைத் திருப்ப முடியாது. காற்று மேற்கிலிருந்து அடித்தது, விசில் கேட்டிருக்காது. பலகைகளைத் தாண்டிவிட்டாள். தெற்கு கேட்டைத் தள்ளினாள், பெட்டி கேட்டில் சிக்கிக்கொண்டது. உடம்பு வெளியே, பெட்டி தண்டவாளப் பக்கம், பெட்டியின் தோள்வார் அவளை இழுத்துப் பிடித்திருந்தது. பிரேக் போட்டேன். முழுப் பிரேக் போட்டாலும் அந்தத் தூரத்தில் நிற்காது, உனக்குத் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். நான் கத்தினேன், கண்ணாடிக்குள்ளே, யாருக்குக் கேட்கும்? அப்புறம் பெட்டி விடுபட்டது, எப்படி என்று தெரியவில்லை. பக்கவாட்டு ஜன்னலில் பார்த்தேன். புல்லில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கையை உயர்த்தினாள். மன்னிப்புக் கேட்பதுபோல. மன்னிப்பு, அவள் என்னிடம்.

பிரேக்கை விட்டேன். ஓட்டினேன். அடுத்த நிலையத்தில் இரண்டு நிமிடத் தாமதம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து காரணம் கேட்டார்கள். "இலைகள்" என்றேன். அக்டோபர் மாதம், ஈர இலை தண்டவாளத்தில் ஒட்டிச் சக்கரம் வழுக்கும், எல்லா ரயிலும் தாமதம், எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். மறுகேள்வி வரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அதற்கு மூன்று வாரம் முன் வேறொரு கிராசிங்கில் ஒருவர் நூலிழையில் தப்பியதை மேலதிகாரியிடம் சொல்லியிருந்தேன். ஓட்டத்திலிருந்து இறக்கி, ஒரு அறையில் உட்கார வைத்து, டீ கொடுத்து, மனநல ஆலோசகர் ஒரு அம்மாள் மெதுவான குரலில் பேசினார். திரும்பி வந்தபோது ஓய்வறையில் பையன்கள், "என்ன ரோலண்ட், இன்னிக்கு எத்தனை பேய் பாத்த?" என்றார்கள். நானும் சிரித்தேன். இரண்டாவது முறை அந்த அறையில் உட்கார எனக்கு மனமில்லை. அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஏதும் இல்லை. அதனால்தான் சொல்ல இத்தனை வருடம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த வளைவு வரும்போதெல்லாம் ரயிலை மெதுவாக்கினேன். தாமதத்துக்கெல்லாம் காரணம் இலைகள் என்றேன். பிப்ரவரியில் கட்டுப்பாட்டு அறையில் ஒருத்தன் கேட்டான், "மரத்துல ஒரு இலை இல்லையே, ரோலண்ட்?" மார்ச்சில் விலகினேன்.

உன் பத்தாண்டு பூஜ்யம் பூஜ்யம் இல்லை. தனித் தாளில் தேதி, நேரம், ரயில் எண் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாட்சி மிஸஸ் இஸ்பிஸ்டர். படித்துவிட்டு, "இதை எழுத ஒன்பது வருஷமா? எங்க ஊரு படகுகூட இவ்வளவு லேட்டா வந்ததில்லை, தெற்கத்திக்காரரே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

என் பெயரோடே பயன்படுத்திக்கொள். உனக்கு இதனால் இடைஞ்சல் வருமானால் அடுப்பில் போடு. நான் சொல்லிவிட்டேன், எனக்கு அது போதும்.

ரோலண்ட்


ஜூலை 8, செவ்வாய், காலை ஏழு இருபது

அன்புள்ள ரோலண்ட்,

டிக்கெட் கிழி. யோசிக்காதே. ஒரு முழங்கால்தான் மீதி இருக்கிறது.

உன் கடிதம் நேற்று முன்தினம் படித்தேன், நேற்றும் படித்தேன். அந்தப் பெண் இப்போது இருபத்திரண்டு வயதில் எங்கோ இருக்கிறாள். செல்லோ வாசிக்கிறாளோ விட்டுவிட்டாளோ. அவள் கையை உயர்த்தியதைப் பற்றி நீ எழுதிய வரியில் வெகுநேரம் நின்றேன். உன்னைக் கோபித்துக்கொள்ளப் பார்த்தேன், வரவில்லை. கேட்காமல் கார் ஓட்டியவள் நான்.

அடுப்பில் போடவில்லை. நேற்று டெஸ்மண்டிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இது ஃபைலுக்குள்ள போச்சுன்னா நீ அந்த ஃபைல்ல இருக்க முடியாது. உன் அண்ணன்."

"தெரியும்."

"பதினாறாம் தேதி உனக்கு இன்டர்வியூ. ரயில்வேயை முதல்ல கேக்காம விட்டது யாருன்னும் அப்ப வெளிய வரும்."

"அதுவும் தெரியும்."

"ஒன்பது வருஷம் பொறுத்த காகிதம் இன்னும் ஒரு வாரம் பொறுக்காதா? பதினேழாம் தேதி கொண்டா, நானே கையில வாங்கிக்கறேன்."

"நாளைக்கே ஓட்டுப் போட்டு முடிச்சுடுவாங்களே, டெஸ்மண்ட்."

"யோசி" என்றார். இருபது வருடம் என்னை நல்லபடி நடத்தியவர். என்னைத் தன் நாற்காலியில் பார்க்க உண்மையிலேயே விரும்புகிறார். அதனால் யோசிப்பதாகச் சொன்னேன். பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன்.

என் அறிக்கையைத் திருத்தி எழுதலாமா என்று பார்த்தேன். முடியாது. அண்ணன் கொடுத்த சாட்சியத்தை வைத்துத் தங்கை எழுதும் பரிந்துரை ஒரு காலை வேளைகூட நிற்காது. கம்பெனி வக்கீல் அதை இரண்டாகக் கிழிப்பார், அதோடு உன் தாளும் கிழிந்துபோகும். ரயில்வேப் பெண்ணுக்கு ரகசியமாக அனுப்பலாம். அவர் விசாரிக்க ஒரு மாதம் ஆகும். அதற்குள் அனுமதி வந்துவிடும், வந்த அனுமதியைத் திரும்ப வாங்க முடியாது. நாளை மாலை அந்த அறையில் இருக்கிற பதினோரு உறுப்பினர்களும் கை தூக்குவதற்கு முன்னால் இதைக் காதால் கேட்டாக வேண்டும். வேறு நேரமே இல்லை.

எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். முந்தின நாள் நண்பகலுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். மூன்று நிமிடம் ஆனதும் எழுத்தர் மணி அடிப்பார், பாதி வாக்கியத்தில் இருந்தாலும் உட்கார வேண்டும். பெக் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார். நேற்று வாசலில் பார்த்தேன். "மூணு நிமிஷம் எனக்கு மூக்குச் சிந்தவே போதாது, என்னத்தப் பேச?" என்று அலுத்துக்கொண்டார். இருபது வருடமாக இப்படிப் பேசுகிறவர்களை நான் அதிகாரிகள் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையில் மடித்த காகிதம், முதல் நிமிடம் முழுக்க வீணாகும், சொல்ல வந்தது மணிக்குப் பிறகுதான் ஞாபகம் வரும். அவர்களுக்காக வருத்தப்பட்டதுண்டு. அந்தப் பக்கம் நிற்பேன் என்று நினைத்ததில்லை.

எனக்கு மூன்று நிமிடம் போதும். காலையில் எழுதி, சத்தமாகப் படித்துப் பார்த்தேன். ரயில்வேயைத் தொடக்கத்தில் கேட்காமல் விட்டது நான் என்று ஒரு நிமிடம். உன் தாள், உன் பெயரோடு, ஒரு நிமிடம். மூன்றாவதில், முதல் வீட்டில் ஆள் குடியேறுவதற்கு முன்னால் மேம்பாலம் நிற்க வேண்டும், அந்த நிபந்தனை இல்லாமல் இந்த அனுமதியைக் கொடுக்காதீர்கள், இன்று முடியாவிட்டால் ஒத்திவையுங்கள் என்று. வீடுகள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். வீடுகள் வரட்டும். அவற்றிலிருந்து பள்ளிக்கூடம் போகிறவர்கள் மாலையில் திரும்பியும் வர வேண்டும். இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி வந்தது.

ஒத்திவைப்பார்கள் என்றே நம்புகிறேன். எனக்கு அந்த உறுப்பினர்களைத் தெரியும். பூஜ்யத்துக்கு எதிராக அவர்களால் பேச முடியாது. ஒன்று இருந்தால் பேசுவார்கள். பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள், அது எங்கள் உறுப்பினர்களின் பலவீனம், இந்த ஒரு முறை எனக்கு உதவும்.

எட்டரை மணிக்கு அலுவலகம் திறக்கும். டெஸ்மண்டிடம் போய் இந்த விண்ணப்பத்திலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கொடுப்பேன். பிறகு படியிறங்கி, பொதுமக்கள் நிற்கிற ஜன்னலில் நானும் நிற்பேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உன் தீவுக்கு வருவதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும், இந்த நிமிடம் எனக்கு மட்டும்தான் தெரியும். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

பேச விரும்புகிறவர்கள் நிரப்பும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. பரிந்துரையை ஆதரித்தா, எதிர்த்தா? எதிர்த்து என்று குறிப்பேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண் வழக்கமாக ஒன்று கேட்பாள். பரிந்துரை எழுதிய அதிகாரி பெயர் தெரியுமா என்று.

தெரியும் என்பேன்.

உன்,
ஹெதர்